ரிமாண்ட் சான்றில் நான் எழுதிய ஒரு வரி

2017 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, மணி 1.40. தாலுகா அரசு மருத்துவமனையின் காஷுவாலிட்டியில் நான் எழுதிய ஒரு வரி நான்கு வருடம் என்னை விடவில்லை. "நோ எக்ஸ்டர்னல் இன்ஜுரீஸ். ஃபிட் ஃபார் ரிமாண்ட்." இவ்வளவுதான். வெளிக்காயம் இல்லை, ரிமாண்டுக்கு அனுப்பலாம் என்று பொருள். போலீஸ் கைது செய்தவரைக் காவலில் வைக்க மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடும் முன், டாக்டர் பார்த்துத் தருகிற சான்று அது. எழுத மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வரியால் கையிலிருந்து போனது ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய், 38 நாள் ஈட்டிய விடுப்பு, ஒரு மேற்படிப்பு வாய்ப்பு. தூக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எம்.பி.பி.எஸ். படித்த ஐந்தரை வருடத்தில் இந்தச் சான்றை எப்படி எழுத வேண்டும் என்று யாரும் எனக்குக் காட்டித் தரவில்லை. வேலையில் சேர்ந்த பிறகும் சீனியர்கள் யாரும் சொல்லவில்லை, அவர்களும் என்னை மாதிரிதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். புதிதாக காஷுவாலிட்டி டூட்டிக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கும், சிறை மருத்துவமனைக்கு மாற்றுப்பணியில் போகச் சொல்லி ஆர்டர் வாங்கியவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரவு. சாயந்திரம் ஒரு வேன் கவிழ்ந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-ல் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. பூச்சிமருந்து குடித்த ஒரு பெண்ணுக்கு அட்ரோபின் ஓடிக்கொண்டிருந்தது, கால் மணிக்கு ஒரு தரம் போய் கண்மணியையும் நெஞ்சுச் சத்தத்தையும் பார்க்க வேண்டும். டூட்டியில் டாக்டர் நான் ஒருவன், நர்ஸ் ஒருவர், துப்புரவுப் பணியாளர் ஒருவர். அப்போது ஒரு எஸ்.ஐ.யும் மூன்று காவலர்களும் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கூட்டிவந்தார்கள். "டாக்டர், மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குப் போகணும், 24 மணி நேரம் முடியப்போகுது, கொஞ்சம் சீக்கிரம்" என்றார் எஸ்.ஐ. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் குடித்துவிட்டு வந்து காஷுவாலிட்டி கண்ணாடியை உடைத்தபோது பத்து நிமிடத்தில் வந்து எங்களைக் காப்பாற்றியவர். மருத்துவமனைகளில் வன்முறைக்கு எதிராக 2008-லேயே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது, ஆனால் இரவு ஒரு மணிக்கு நமக்குச் சட்டம் என்றால் ஸ்டேஷனிலிருந்து வருகிற அந்த ஜீப்தான். அப்படிப்பட்டவரிடம் "நீங்கள் வெளியே நில்லுங்கள், நான் தனியாகப் பார்க்க வேண்டும்" என்று சொல்ல வாய் வருமா? எனக்கு வரவில்லை.

அந்த இளைஞரை ஸ்டூலில் உட்காரவைத்தேன். பிரஷர் பார்த்தேன். சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். "எங்கேயாவது அடிபட்டிருக்கா?" என்று கேட்டேன். அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "இல்லீங்க ஐயா." ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) புத்தகத்தில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டுமே, எழுதினேன்: கழுத்தின் வலப்பக்கம் ஒரு மச்சம், இடது முன்கையில் ஒரு மச்சம். கையெழுத்து, முத்திரை, முடிந்தது. எஸ்.ஐ. நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் பூச்சிமருந்துப் பெண்ணிடம் ஓடினேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அன்று இரவு நான் நல்ல டாக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் பிற்பகல் சிறையில் அனுமதிக்கும்போது அங்கிருந்த மருத்துவ அலுவலர் அவருடைய சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். முதுகில் நான்கு, புட்டத்தில் இரண்டு கன்றிப்போன தடங்கள், ஒவ்வொன்றுக்கும் நீள அகலம் சென்டிமீட்டரில், நிறத்தோடு. இரண்டு உள்ளங்காலிலும் வீக்கம், தொட்டால் வலி. நான் பார்த்ததற்கும் அவர் பார்த்ததற்கும் இடையில் சுமார் 14 மணி நேரம். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. 2018 மார்ச்சில், ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து, மனித உரிமை ஆணையத்திலிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. எதிர்மனுதாரர் பட்டியலில் எஸ்.ஐ., இரண்டு காவலர்கள், அப்புறம் நான். கடிதத்தைப் படித்தபோது அந்த முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த மாதத்தில் மட்டும் நாற்பது பேருக்காவது ரிமாண்ட் சான்று கொடுத்திருப்பேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஏ.ஆர். பதிவை எழுதி முடித்ததும் எண், தேதி, நேரம், ஒரு வரிக் குறிப்பு ஆகியவற்றை உங்கள் சொந்த டைரியிலும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், எண் போதும். ஒன்றரை வருடம் கழித்து, வேறு ஊருக்கு மாறிப் போன பிறகு, பழைய மருத்துவமனையின் ரெக்கார்ட் அறையில் அந்தப் புத்தகத்தைத் தேட நான் மூன்று நாள் லீவு போட்டேன். கரையான் அரித்த மூட்டைகளுக்கு நடுவே அங்கிருந்த ஊழியர் கண்டுபிடித்துக் கொடுத்தார், அது என் அதிர்ஷ்டம். புத்தகம் கிடைக்காமல் போனால் "மறைத்துவிட்டார்" என்ற பழியும் சேர்ந்து வந்திருக்கும்.

வக்கீல் பிடித்தேன், 60,000 ரூபாய். அவர் கெட்டிக்காரர். "டாக்டர், ஆழத்தில் பட்ட அடி உடனே தோலில் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கன்றும், இது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறதா இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறதுதான். தடயவியல் மருத்துவம் படித்த எவருக்கும் தெரியும். "அப்படியே எழுதிக்கொடுங்கள்" என்றார். எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் நான் அந்த முதுகைப் பார்த்து, ஒன்றும் இல்லாததால் அப்படி எழுதினேன் என்கிற மாதிரி ஒரு தோற்றம் அதில் இருந்தது. அந்தத் தோற்றத்தைத்தான் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் மனைவியிடம்கூட "ஆமா, பார்த்தேன், ஒண்ணும் இல்லை" என்றே சொல்லிவைத்திருந்தேன்.

ஆணையத்தின் கடிதத்தைத் தொடர்ந்து துறையில் 17(பி) மெமோ வந்தது, ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னாலே போதும், விளக்க வேண்டியதில்லை. 17(பி) நிலுவையில் இருக்கும்வரை நீங்கள் ஒரு அரைகுறை ஊழியர். மேற்படிப்புக்கு 85,000 ரூபாய் கட்டி கோச்சிங் சேர்ந்திருந்தேன், இரவு டூட்டியிலும் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் என்.ஓ.சி. கேட்டுப் போனால் ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்தது, காலக்கெடு முடிந்தது. அந்த வருடம் போச்சு. அடுத்த வருடம் படிக்கிற மனசே இல்லை.

இதற்கு நடுவில்தான், 2018 செப்டம்பரில், மத்திய சிறை மருத்துவமனைக்கு மாற்றுப்பணி ஆர்டர் வந்தது. யாரும் விரும்பிப் போகாத இடம், மெமோ வாங்கியவன் மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலை. முதல் நாள் பெரிய கதவில் இருக்கிற சின்னக் கதவு வழியாகக் குனிந்து உள்ளே போனேன், போனை வாசலிலேயே கொடுக்கச் சொன்னார்கள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையிலிருந்து மத்தியானம்வரை வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. நீங்கள் இப்படிப் போக நேர்ந்தால் முதல் நாளே சிறை அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவசரத்துக்கு அதுதான் ஒரே வழி. இன்னும் சிலவற்றையும் போகும் முன்பே கேட்டு வையுங்கள்: மொத்தம் எத்தனை டாக்டர், இரவில் அழைப்பு யாருக்கு, குவார்ட்டர்ஸ் உண்டா, ஈ.சி.ஜி. மெஷின் ஓடுகிறதா. நீங்கள் தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் சிறைப் பணியும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் எதையுமே கேட்கவில்லை. ஈ.சி.ஜி. மெஷின் இருந்தது, பேப்பர் ரோல் இல்லை. முதல் இரண்டு மாதம் என் பணத்தில் வாங்கினேன்.

காஷுவாலிட்டி என்பது வேகம். வருகிறவர் யார், எவர் என்று பார்க்க மாட்டோம், மூச்சு இருக்கிறதா, நாடி இருக்கிறதா, ரத்தம் எங்கே போகிறது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், பிறகு அவர் வார்டுக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவார், நமக்கும் மறந்துவிடும். சிறையில் யாரும் எங்கேயும் போவதில்லை. நாளைக்கும் அதே முகம், அடுத்த மாதமும் அதே முகம். காலை ஓ.பி.யில் நூறு, நூற்றிருபது பேர். பாதிப் பேருக்கு சொறி, அரிப்பு. மிச்சப் பேருக்கு கேஸ், உடம்புவலி, தூக்கம் வரவில்லை. பால், முட்டை, ரொட்டி என்று மருத்துவ உணவு எழுதித் தரச்சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் ஒரு பக்கம், தூக்க மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போய் விற்கிறவர்கள் ஒரு பக்கம். முதல் மாதத்தில் நான் எல்லாரையும் நம்பினேன், மருந்து இருப்பு பதினைந்து நாளில் தீர்ந்தது. இரண்டாவது மாதத்தில் யாரையும் நம்பவில்லை. அது அதைவிடப் பெரிய தப்பு என்று தெரிய எனக்கு ஒரு சைக்கிள் திருடர் தேவைப்பட்டார்.

ஐம்பது வயதுக்காரர், நெஞ்சு எரிகிறது என்று இரண்டு நாளாக வந்துகொண்டிருந்தார். கூட நின்ற வார்டர், "அவன் ஜி.எச்.சுக்குப் போக நடிக்கிறான் சார், அங்கே போனா வீட்டு ஆளுங்களைப் பார்க்கலாம்ல" என்றார். நானும் அசிடிட்டி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாவது நாள் என்னமோ தோன்றி ஈ.சி.ஜி. எடுத்தேன். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் மாரடைப்பு, கோடுகள் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றன. ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்லி, வெளியே அனுப்ப எழுதினேன். அப்போதுதான் எனக்குப் புதிய பாடம் ஆரம்பம். வெளியே அனுப்ப வழிக்காவல் வேண்டும். வழிக்காவல் ஆயுதப்படையிலிருந்து வர வேண்டும், அவர்கள் அன்று ஏதோ பந்தோபஸ்தில் இருந்தார்கள். காஷுவாலிட்டியில் "இன்னும் ஏன் தாமதம்" என்று கத்தியே பழகிய நான் அங்கே யாரைக் கத்துவது? ஒரு மணி பத்து நிமிடம் கழித்துத்தான் போனார். பிழைத்துக்கொண்டார், திரும்பி வந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார். எனக்கு அந்த இரண்டு நாள் அசிடிட்டி மாத்திரைதான் ஞாபகம் வரும்.

அதே வருடம், செல்வாக்குள்ள ஒருவர் ஒரு மோசடி வழக்கில் உள்ளே வந்தார். வந்த இரவே நெஞ்சுவலி. அது எல்லாருக்கும் தெரிந்த நெஞ்சுவலிதான், செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். எங்கெங்கிருந்தோ சிறை அலுவலகத்துக்குப் போன் வந்தது, வெளியே ஒரு தனியார் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். நான் ஈ.சி.ஜி. எடுத்தேன், ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தேன், ரத்தத்தில் டிரோபோனின் பார்க்க அனுப்பினேன், எல்லாம் சரியாக இருந்தது. நேரத்தோடு எழுதி வைத்தேன். போனில் பேசியவரிடம், "நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள், ஃபைலில் வைக்கிறேன்" என்றேன். எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மரியாதையான குரலில் சொல்லுங்கள், பல நேரம் இதுவே போதும். சைக்கிள் திருடருக்கும் மோசடிக்காரருக்கும் வலி என்றால் ஈ.சி.ஜி. என்று அன்றைக்கு முடிவு செய்தேன், யார் நடிக்கிறார் என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும்.

சிறையில் இரவு இன்னும் மோசம். சாயந்திரம் ஆறு மணிக்கு லாக்கப் முடிந்தால் பிளாக்கைத் திறக்க அனுமதி வேண்டும், சாவி வர வேண்டும். ஒரு தடவை சும்மா கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். கடைசி பிளாக்கில் "டாக்டர்" என்று கூப்பிட்ட நேரத்திலிருந்து ஆள் சிறை மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்து சேர 22 நிமிடம். சூப்பரண்டிடம் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன், குறை சொல்வதாக இல்லாமல் தகவலாக. வலிப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தூக்குப் போட முயற்சி, இந்த நான்குக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் திறக்கலாம் என்று உத்தரவு போட்டார். பிறகு 22 நிமிடம் ஒன்பது ஆனது. அதற்குக் கீழே குறைக்க முடியவில்லை.

இனி நான் எழுதத் தயங்குகிற பகுதி. 2019-ல் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஒரு கொத்தனார் விசாரணைக் கைதியாக வந்தார். அடிதடி வழக்கு. அனுமதிக்கும்போது நானே பார்த்தேன், சட்டையைக் கழற்றித்தான் பார்த்தேன், அதற்குள் அந்தப் பழக்கம் வந்திருந்தது. காயம் இல்லை, பிரஷர் கொஞ்சம் அதிகம், கை லேசாக நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். "குடிப்பீங்களா?" என்று கேட்டேன், "எப்பவாவது ஐயா" என்றார். ஞாயிறு எனக்கு விடுமுறை. அவர் தினமும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர் என்பதை அவருடைய மனைவி பிறகுதான் சொன்னார். குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தப்பிரமை வரலாம். காஷுவாலிட்டியில் நாம் இதை அதிகம் பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே வருகிறவர் முதல் நாள் போதையில் வருவார். சிறையில் மூன்றாம் இரவு வருகிறது. திங்கட்கிழமை இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தியிருக்கிறார். பக்கத்திலிருந்தவர்கள் தூங்க முடியவில்லை என்று சத்தம் போட, காவலர்கள் நடிப்பு என்று நினைத்துத் தனி அறையில் போட்டிருக்கிறார்கள். காலை 6.20-க்கு நான் பார்த்தபோது 103 டிகிரி காய்ச்சல், நாடி 140, என்னை யாரென்று தெரியவில்லை. தையமின் ஊசி போட்டேன், லோராசிபாம் போட்டேன், குளுக்கோஸ் ஏற்றினேன், வெளியே அனுப்ப எழுதினேன். 6.35-க்குக் கடிதம் கொடுத்தது, 6.50-க்கு ஜெயிலர் கையெழுத்து, 7.10-க்கும் 7.40-க்கும் நான் நினைவூட்டியது, 8.05-க்கு வழிக்காவல் வந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்துபோனார்.

காவலில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும், 1993-லிருந்து இது நடைமுறை. பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுப்பார்கள். போலீஸ் விசாரணை தவிர, மாஜிஸ்ட்ரேட் நேரடியாக விசாரிப்பார். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ), இப்போது அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் 196. சிறை மருத்துவர் கட்டாயம் கூப்பிடப்படுவார். என்னை ஒன்றரை மணி நேரம் கேட்டார். பெரும்பாலான கேள்விகளுக்கு என் குறிப்பையே வாசித்துக் காட்டினேன். "நினைவில்லை, பதிவில் இருப்பதைச் சொல்கிறேன்" என்று நான்கைந்து இடத்தில் சொன்னேன், அதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், "தேதி, நேரம் எல்லாம் தெளிவாக இருக்கிறது டாக்டர்" என்றார். வெளியே வந்தால் அந்தக் கொத்தனாருடைய மனைவி மரத்தடியில் நின்றிருந்தார். என் மேல் ஒரு குறையும் எழுதப்படவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் கேட்ட கேள்வி தப்பு. "குடிப்பீங்களா" என்று கேட்டால் எல்லாரும் எப்பவாவது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு "கடைசியா எப்ப குடிச்சீங்க, அன்னைக்கு எவ்வளவு, காலையில எழுந்ததும் தேவைப்படுமா" என்று கேட்க ஆரம்பித்தேன், பதில் தானாக வந்தது. சந்தேகம் இருந்தால் அட்டையின் மூலையில் சிவப்பு மையில் "கு" என்று எழுதுவேன். அந்த அட்டைக்காரர் முதல் நாலு இரவு மருத்துவமனைக் கட்டிலில்தான் படுப்பார், மாத்திரையும் தையமினும் முதல் நாளே தொடங்கிவிடும். இரவுக் காவலர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்: பூச்சி தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் அது நடிப்பு இல்லை, என்னை எழுப்புங்கள். அதன் பிறகு எழுப்பினார்கள். பல தடவை வீண்தான், பரவாயில்லை.

சிறை வாசலில் இருந்துகொண்டுதான் நான் மற்றவர்களுடைய ரிமாண்ட் சான்றுகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து. எல்லாவற்றிலும் அதே வரி. சிலவற்றில் பெயரை மட்டும் மாற்றிய மாதிரி இருக்கும். ஒருவருக்கு இடது கையில் மாவுக்கட்டு, சான்றில் வெளிக்காயம் ஏதுமில்லை. அந்தக் கையெழுத்துகளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொன்றிலும் நள்ளிரவு ஒன்றரை மணி தெரிந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்து ஜெயராஜும் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட சில நாளில் அடுத்தடுத்து இறந்தபோது, ரிமாண்டுக்கு முன் தரப்படுகிற மருத்துவச் சான்று என்று ஒன்று இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர்கள் வாட்ஸப் குழுக்களில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. நான் ஒரு வரியும் எழுதவில்லை, படித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு முன்பே, 2019 கடைசியில், ஆணையத்தின் ஏழாவது வாய்தாவில் ஒன்று நடந்தது. சென்னையில் காலை பத்து மணிக்கு ஆஜர் என்றால் சாயந்திரம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரவு பஸ், ஒரு நாள் லீவு, மூவாயிரத்துச் சொச்சம் செலவு, பல தடவை அடுத்த தேதி மட்டும் கிடைக்கும். அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அந்த மனுதாரர், அன்றிரவு நான் சான்று கொடுத்த இளைஞர். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "சார், அம்மாவுக்கு சுகர். இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? அங்கே கொடுத்தாங்க, சொல்லலை." மெட்ஃபார்மின். சாப்பாட்டோடு என்று சொன்னேன். "சரிங்க சார்" என்று அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் பேசினோம். என்மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த மாதம் துறை விசாரணை அதிகாரி முன் ஆஜரானேன். அவர் ஏ.ஆர். நகலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கழுத்தில் மச்சம், முன்கையில் மச்சம். இரண்டும் சட்டை போட்டிருந்தாலே தெரியும் இல்லையா டாக்டர்?" வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. "ஆமாம் சார். நான் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை" என்றேன். விஷயம் தெரிந்ததும் வக்கீல் போனில் அரை மணி நேரம் திட்டினார். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார், அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அன்று இரவு மனைவியிடமும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். 2021 பிப்ரவரியில் ஆர்டர் வந்தது: ஓராண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம். அடித்தவர்கள் மீதான வழக்கு என்ன ஆனது என்பது வேறு கதை, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சரி, இப்போது நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஒருவரைக் கொண்டுவந்தால் முதலில் கைதியும் நானும் நர்ஸும் மட்டும் திரைக்குள். காவலர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்கலாம். தப்பிவிடுவாரோ என்ற அவர்கள் பயம் நியாயமானது, அதனால் ஜன்னல் இல்லாத பக்கமாகத் திரையைப் போட்டுவைத்திருக்கிறேன். பெண் கைதி என்றால் பெண் டாக்டர், அல்லது அவருடைய மேற்பார்வையில். இது சட்டத்திலேயே இருக்கிறது. சட்டை, பனியன், லுங்கி எல்லாம் கழற்றச் சொல்லி முதுகு, புட்டம், தொடையின் பின்பக்கம், உள்ளங்கால், காதுக்குப் பின்னால், மணிக்கட்டு, தலைமுடிக்குள் விரல் விட்டு மண்டை. குடித்திருந்தால் இன்னும் கவனம், போதை என்று நாம் விட்டுவிடுகிற மயக்கம் மண்டைக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். காயத்தின் அளவு, நிறம், இடம் எழுதுங்கள். எத்தனை நாள் பழையது என்று நிறத்தை வைத்துத் துல்லியம் காட்ட வேண்டாம், தோராயமாகத்தான் சொல்ல முடியும். எப்படிப் பட்டது என்று அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "சொல்ல மறுக்கிறார்" என்றால் அதையும் எழுதுங்கள். யார் கூட்டிவந்தார், என்ன நேரம் வந்தார், என்ன நேரம் பார்த்தீர்கள், பரிசோதனையின்போது யார் அறையில் இருந்தார். சந்தேகம் இருந்தால் "ஃபிட்" என்ற வார்த்தையை எழுதாதீர்கள், எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எழுதி, அட்மிட் செய்யுங்கள், மாஜிஸ்ட்ரேட் மருத்துவமனைக்கே வருவார். அறிக்கையின் ஒரு நகல் கைது செய்யப்பட்டவருக்கோ அவர் சொல்கிறவருக்கோ தர வேண்டும், பழைய சட்டத்தில் 54, இப்போது 53. இதைக் கேட்டு வாங்குகிறவர்களை நான் பார்த்ததே இல்லை, அதனால் நானே கொடுத்துவிடுகிறேன். காவலில் இருக்கிறவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே சொல்லியிருக்கிறது. கேட்டால் பாதிப் பேர் அப்படியா என்பார்கள்.

சம்மன் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். பழைய ஊர் முகவரிக்குப் போய் அங்கேயே கிடந்து, கடைசியில் பிடிவாரண்ட் வரைக்கும் போன நண்பர்கள் எனக்கு உண்டு. மாறுதல் ஆகும்போதே பழைய இடத்து கிளர்க்கிடம் புதிய முகவரி கொடுத்துவிட்டு வாருங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அது நல்ல முதலீடு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் காணொலி வழியாகச் சாட்சி சொல்ல இடம் இருக்கிறது, தூரத்து நீதிமன்றம் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

2021 கடைசியில் மறுபடி காஷுவாலிட்டிக்கே வந்துவிட்டேன், இப்போது வேறு ஊர். மேற்படிப்பு இனி இல்லை என்று முடிவு செய்தாகிவிட்டது, அதில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். போன வாரம் இரவு, ரிமாண்டுக்கு ஒருவரைக் கூட்டிவந்த காவலர் வாசலிலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஐயா, அந்த டாக்டர்தான் டூட்டி. ஆமாங்கய்யா, முக்கால் மணி ஆகும். ஆமா, அந்தச் சட்டை கழட்டுற டாக்டர்தான்." நான் திரையை இழுத்துவிட்டு டார்ச்சை எடுத்தேன்.